பெண் பார்க்க வந்தவனும் அப்பா நட்ட யூகலிப்டஸும்

மல்லேஸ்வரம், பெங்களூர்
மே, 2003

அன்புள்ள அக்கா ஜகதாம்பாளுக்கும் அத்திம்பேருக்கும் தம்பி அனந்தபத்மநாபன் அநேக நமஸ்காரம். இங்கே குழாயைத் தவிர எல்லோரும் சௌக்கியம். மும்பையில் உன் முழங்கால்கள் எப்படி?

ஞாயிற்றுக்கிழமை நம் ஷ்ரேயாவைப் பெண் பார்க்க சுதீர் என்ற பையன் அப்பா அம்மாவோடு வந்தான். ஜாதகம் பொருந்தி, குழந்தைக்கும் போட்டோ பிடித்துப்போய், ஒரு வரன் ஹால் வரைக்கும் வந்திருக்கிறது, வாயைத் திறந்து கெடுத்துவிடாதீர்கள் என்று பாகீரதி என்னைக் காலையிலிருந்தே மிரட்டி வைத்திருந்தாள். நான் என்ன கெடுத்தேன்? என்ன உத்தியோகம் என்று கேட்டேன், அவ்வளவுதான். சிக்மகளூர் மலைப்பக்கம் வறட்சி ஏன் வருஷக்கணக்கில் நீளுகிறது என்று ஆராய்ச்சியாம். “வானம் பொய்க்கிறதுக்கு ஆராய்ச்சி எதுக்குப்பா?” என்றேன். பையன் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான். “பாதிதான் வானம், மாமா. மீதி மனுஷா. புல்லும் சோலையும் இருந்தவரைக்கும் மழை தப்பினாலும் மலை தாங்கிண்டது. அதை அழிச்சு யாரோ ஒரு மகானுபாவர் மலை பூரா யூகலிப்டஸ் நட்டார். ஊற்றெல்லாம் வத்திப்போச்சு” என்று சொல்லிவிட்டு பஜ்ஜியைக் கடித்தான்.

அந்த மகானுபாவர் யார் என்று உனக்குத் தெரியாதா அக்கா? எனக்குப் பெருமை தாங்கவில்லை. “எங்கப்பாதான்!” என்று எழுந்து நின்று, ஃபாரஸ்ட் டிபார்ட்மெண்ட் யூனிஃபாரத்தில் சுவரில் தொங்குகிறவரைக் காட்டிவிட்டேன். பையனுக்குப் புரை ஏறிவிட்டது. அவன் அம்மா தண்ணீர் கேட்டாள். டாங்கர் வராததால் குடத்தில் வண்டல்தான் இருந்தது. பக்கத்து வீட்டு லட்சுமம்மாவிடம் ஒரு சொம்பு வாங்கி வருவதற்குள் பையனுக்குக் கண் பிதுங்கிவிட்டது. சரிப்படுத்தலாம் என்று, “அப்பா நட்டதுல பாதி பிழைக்கவே இல்லை, கவலைப்படாதீங்கோ” என்றேன். “போறும், நீங்க புதுசா எதையும் நட்டு வைக்காதீங்கோ” என்றாள் பாகீரதி. இதற்கு நடுவில் ஷ்ரேயா, “தாத்தா தெரியாமத்தான் பண்ணினார். ஆனா பண்ணினார்” என்கிறாள், அதுவும் அந்தப் பையனைப் பார்த்துக்கொண்டு! “யோசிச்சு லெட்டர் போடறோம்” என்று எழுந்து போய்விட்டார்கள்.

எனக்கு மனசு ஆறவில்லை. சர்க்கார் சொன்னதை, மலைக்கு நல்லது என்று நம்பித்தான் அப்பா வெயிலில் நின்று செய்தார். அவரைக் குற்றவாளி என்கிறவன் அவர் படத்துக்கு எதிரே எப்படி மாலை மாற்றுவான்? வேண்டாம் என்று நானே எழுதிவிடப் போகிறேன். மழையைப் பற்றி ஒன்றும் தெரியாத பாங்க் பையனாக அங்கே ஒருவனைப் பார்.

அத்திம்பேரை வேளைக்கு மாத்திரை சாப்பிடச் சொல். பேரக் குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம்.

உன் தம்பி,
அனந்து

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது சுதீர் போன் செய்தான். “மாமா, அன்னிக்கு முழுக்கச் சொல்லாம வந்துட்டேன். அதே மலையில சோலையை வெட்டிக் காபி போட்டது எங்க தாத்தா. அந்தக் காபிப் பணத்துலதான் நான் படிச்சேன். ஷ்ரேயாவை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அப்பா அம்மாவுக்கும் சம்மதம்” என்றான். கண் கலங்கிவிட்டது அக்கா. இரண்டு குடும்பமும் கூட்டாக ஒரு மலையையே முடித்திருக்கிறோம், இந்தப் பொருத்தத்தை எந்த ஜோசியனும் சொல்லவில்லையே! மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு. முகூர்த்தம் ஆவணியில். மழைக்காலமாச்சே, பந்தல் நனையுமே என்று அத்திம்பேர் கவலைப்பட வேண்டாம். அதற்கு வேண்டிய ஏற்பாட்டை இரண்டு தாத்தாக்களும் எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள்.