வாளிகள் நின்ற எல்லைக் கல்

என் அக்கா மெஹிதபெலின் மாட்டுக் கொட்டகை எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் தளும்பும் பதினான்கு தோல் வாளிகள் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நகராமல் நின்றன.

“நில்லுங்க!” என்றார் டீக்கன் ஒபதையா, எங்கள் சர்ச் மூப்பர், தீயணைப்புச் சங்கத்துக்கும் தலைவர். “கல்லுக்கு அந்தப் பக்கம் நியூயார்க் மாநிலம்.”

அது எல்லாருக்கும் தெரியும். கல்லுக்கு இந்தப் பக்கம் வெர்மான்ட், நாங்கள். கல்லிலிருந்து முப்பது எட்டில் கொட்டகை. அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம். அத்தான் நியூயார்க் படையோடு இங்கிலீஷ்காரனை எதிர்த்துச் சண்டைக்குப் போயிருந்தார். கொட்டகைக்குள் அக்காவின் ஒரே பசுவும், அது குளிர்காலம் முழுக்கத் தின்ன வேண்டிய வைக்கோலும் இருந்தன.

“நம்ம ஆளுநர் என்ன சொன்னாரு?” என்றார் டீக்கன். “ வெர்மான்ட் படை நியூயார்க் மண்ணுல நிக்கக் கூடாது, வீட்டுக்கு வாங்கன்னாரு. துப்பாக்கிக்காரனுக்கே அப்படின்னா வாளிக்காரன் எந்த மூலைக்கு?”

“அது சண்டைக்குச் சொன்னது ஐயா. இது தீ,” என்றேன். வரிசையில் கல்லுக்குப் பக்கத்து ஆள் நான்தான்.

“பதினேழு வயசுல பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டுட்டு வந்தவன் சட்டம் பேசாதே, எஸ்ரா. உன் தொப்பியில தழை எங்கடா?”

எங்கள் ஊரில் இப்போது அதுதான் மோஸ்தர். மாநிலப் பற்று உள்ளவன் தொப்பியில் பைன் தழை செருக வேண்டும். தேசப் பற்று உள்ளவன் நாட்டுச் சின்னமான கழுகைப் பித்தளையில் குத்திக்கொள்ளலாம். கழுகு கடையில் வாங்க வேண்டும், தழை சும்மா கிடைக்கும். ஆகவே எங்களில் பன்னிரண்டு பேருக்கு மாநிலப் பற்று.

தீ கூரையில் ஏறியது. நான் பைன் மரத்தில் ஏறினேன்.

தழையோடு இறங்கி வந்தபோது கழுகுத் தொப்பிக்காரர் கர்ஜித்துக்கொண்டிருந்தார். தபால் அதிகாரி லெமுவல் பீச். “வெர்மான்ட் என்னய்யா, நியூயார்க் என்னய்யா? நாடு ஒண்ணுதான்!”

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. “அப்போ வாங்க சார், நாம ரெண்டு பேரும் போவோம்.”

“அதெப்படிப்பா? நாடு ஒண்ணுன்னா தீயும் நாட்டோட தீதானே? வாஷிங்டன்லேருந்து உத்தரவு வரணும். இன்னைக்கே எழுதிப் போட்டா பத்து நாள்ல பதில் வந்துரும்.”

“பத்து நாள்ல சாம்பல்தான் சார் இருக்கும்.”

“சாம்பலும் நாட்டோடதுதான்.”

டீக்கன் விஷயத்தை வாக்குக்கு விட்டார். எங்களூரில் வாக்கு என்றால் வலது கையை உயர்த்த வேண்டும். வலது கையிலோ வாளி. நடுவேலையில் வாளியைக் கீழே வைப்பது சங்க விதிக்கு விரோதம். வாளியோடு தூக்கினோம். பதினொன்றுக்கு மூன்று, வாளி கல்லைத் தாண்டக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. நவம்பர் மாத ஓடைத் தண்ணீரில் பதினான்கு பேரும் தலையோடு நனைந்தோம். கொட்டகை மட்டும் நனையவில்லை.

மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தோம். டீக்கனுக்கும் மனசு என்று ஒன்று உண்டு. தாடியைப் பிழிந்தபடி யோசித்தார்.

“ஆள் போகக் கூடாது. வாளி போகக் கூடாது. ஆனா தண்ணி எந்த மாநிலத்துக் குடிமகனும் இல்லையே? அது தன் இஷ்டத்துக்குப் போகலாம். இங்கேருந்தே வீசுங்கடா!”

வீசினோம். முப்பது எட்டில் ஐந்து எட்டு நனைந்து நல்ல சேறானது. மிச்சம் இருபத்தைந்து எட்டும் நியூயார்க்கின் பொறுப்பு என்று டீக்கன் முறைப்படி அறிவித்தார்.

அப்போதுதான் அக்கா புகைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

“எஸ்ரா! மாட்டுக் கயிறு முடிச்சு இறுகிப்போச்சுடா! இடுப்புல கத்தி வச்சிருக்கியே, ஓடி வந்து அறுத்து விடுடா!”

“காலை எடுத்தே, சங்கத்துலேருந்து உன் பேரை அடிச்சிருவேன்,” என்றார் டீக்கன்.

போன வாரம்தான் என் பேரை எழுதியிருந்தார்கள். ஊரில் என்னைப் பெரிய மனுஷனாகக் கணக்கில் வைத்த ஒரே இடம் அது. நானும் யோசித்தேன். கத்தி ஆள் இல்லை. வாளியும் இல்லை. தண்ணீர் போகலாம் என்றால் கத்தி போவதற்கு என்ன தடை?

கத்தியை உருவி வீசினேன்.

“சபாஷ்! சட்டம் தெரிஞ்ச பய,” என்று டீக்கன் என் முதுகில் தட்டினார். லெமுவல்கூடக் கைதட்டினார்.

கத்தி நாங்கள் உண்டாக்கிய சேற்றில் போய்ப் புதைந்தது. அக்கா ஓடி வந்து மண்டியிட்டு, எங்கள் பதினான்கு பேர் முன்னால் இரண்டு கையாலும் சேற்றைத் துழாவினாள். எடுத்துக்கொண்டு திரும்பவும் தீக்குள் ஓடினாள். பசு பிழைத்தது, வால் கருகிவிட்டது. அவள் அதை இழுத்துக்கொண்டு வெளியே வரவும் கூரை விழவும் சரியாக இருந்தது. வைக்கோலில் ஒரு துரும்பு மிஞ்சவில்லை.

அக்கா என்னைக் கத்தியை வீசச் சொல்லவில்லை. ஓடி வா என்றாள். நான் ஓடவில்லை.