எட்டாவது ஆலா

ஊர்காவற்றுறை,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த அன்ரன் சித்தப்பா அவர்களுக்கு,

உங்கள் அண்ணர் குருசுமுத்துவின் மூத்த மகள் யூலியானா எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் எல்லோரும் சுகம். அங்கு உங்கள் சுகத்தை விசாரிப்பது முறையா என்று தெரியவில்லை. பத்தொன்பது வருடங்களுக்கு முன் வலை எடுக்கப் போனீர்கள். போன இடத்திலிருந்து இன்றுவரை ஒரு தகவலும் வராதபடியால், சுகம் என்றே வைத்துக்கொண்டு தொடர்கிறேன். அப்போது உங்களுக்கு இருபத்துநான்கு வயது, எனக்கு ஐந்து. இப்போது எனக்கும் இருபத்துநான்கு. அதனால் "சித்தப்பா" என்று எழுதும்போது கை கொஞ்சம் தடுமாறுகிறது. பொறுத்துக்கொள்ளவும்.

உங்களிடம் ஒரு அனுமதி கேட்கவே இதை எழுதுகிறேன். உண்மையில் அனுமதி கேட்காமலே எடுத்துவிட்டோம். எப்படி எடுத்தோம் என்பதைச் சொன்னால் என்மேல் கோபம் குறையும் என்று நம்புகிறேன்.

இப்போது எங்கள் ஊரில் தொண்டர் அணி ஒன்று இருக்கிறது. எஞ்சின் பழுதாகி இழுபட்டுப்போகிற படகுகளை வானத்திலிருந்து தேடுவதற்கு வெளிநாட்டிலிருக்கிற எங்கள் ஊர்க்காரர் ஒரு ட்ரோனும் எட்டு வோக்கியும் அனுப்பினார்கள். ட்ரோன் என்பது சிறிய விமானம், ஆள் ஏறுவதில்லை; வோக்கி என்பது கையில் வைத்துக் கதைக்கிற ரேடியோ. உங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன் என்று அடிக்கடி நினைப்பேன். அணியில் ஏழு பேர். தொலைபேசி திருத்துகிற ஜெகதீஸ் அண்ணை தலைவர். ட்ரோன் ஓட்டுவது றஜீபன். நான் செயலாளர். நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான் என்பதால் கேட்டார்கள். "ஏலாது" என்று கூட்டத்தில் வாய் திறந்து சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் ஆகிவிட்டேன். எட்டாவது வோக்கியைக் கடற்றொழிலாளர் சங்க அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினோம். அதற்குப் பற்றரி போட்டோமா இல்லையா என்று ஒருவருக்கும் நினைவில்லை.

அணியின் முழுப்பெயர் தீவக வான்வழித் தேடல் தொண்டர் அணி. வோக்கியில் "தீவக வான்வழித் தேடல் தொண்டர் அணி உறுப்பினர் இலக்கம் மூன்று" என்று நிலக்சனாவைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் ட்ரோன் எழுவைதீவுப் பக்கம் போய்விட்டது. ஆகவே உறுப்பினர்களுக்குக் கூப்பிடுகிற பெயர் ஒன்று வேண்டும், வருகிற திங்கட்கிழமை அனுமதிப் பத்திரத்தோடு அந்தப் பெயரையும் கந்தோரில் கொடுக்கவேண்டும். போன ஞாயிறு பூசை முடிந்து சங்க அறையில் கூடினோம். ஜெகதீஸ் அண்ணை வெள்ளைப் பலகையில் பெரிதாகப் "பருந்து" என்று எழுதினார். துறையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற அந்தோனியம்மா மாமி கோப்பைகளோடு வந்தவர் அப்படியே நின்றார்.

"அது ஏலாது தம்பி. அது கதிர்காமுவின்ர."

"எந்தக் கதிர்காமு மாமி?"

"மண்டைதீவுப் பக்கம் இறால் பிடிக்கப் போனவன். எண்பத்தெட்டில. இன்னும் வரேல்லை."

"சரி, நாரை?"

"நாரை தியாகலிங்கம். தேப்பனும் மகனும் ஒரே வள்ளத்தில. கொக்கு எண்டு சொல்லப்போறீர், அந்த மகன்தான் கொக்கு."

"தும்பி?"

"மெலிஞ்ச பெடியன். பாவம்."

றஜீபனுக்குக் கோபம் வந்துவிட்டது. எழுதுகோலைப் பறித்து "நுளம்பு" என்று எழுதினான். மாமி யோசிக்காமலே சொன்னார்:

"நுளம்பு ரெண்டு பேர். எந்த நுளம்பைக் கேக்கிறாய்?"

எல்லோரும் சிரித்தோம். பிறகு பலகையைப் பார்த்தோம். பதினான்கு பெயர்கள் இருந்தன. பறக்கிறவை எல்லாவற்றையும் எழுதியிருக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தோம். திரும்பி வராதவர்களைத்தான் எழுதியிருக்கிறோம் என்பது அப்போதுதான் விளங்கியது. பலகையை அழிக்க ஒருவரும் எழும்பவில்லை.

இந்த வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. கடலில் போய் வராதவரின் பட்டப்பெயரை இன்னொருவருக்கு வைக்கக்கூடாது, வைத்தால் அவர் வந்து கேட்பார். அவர் வரும்வரை அவரது வீட்டார் அந்தப் பெயரை வாயால் சொல்லவும் கூடாது. வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவரும் சொல்லாத பெயரை எடுக்கக்கூடாது என்றால், என்னைப் போன்றவர்கள் எதை எடுக்கக்கூடாது என்று எப்படி அறிவது? பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் புவியியல் படித்தேன். ஒரு வரைபடத்திலும் இது இல்லை. அன்று மாமி தண்ணீர் கொதிக்கவைக்க வெளியே போன நேரம் பார்த்து நான் வாய் திறந்தேன். கூட்டத்தில் நான் சொன்ன முதல் சொல் அது.

"ஆலா," என்றேன்.

கடலுக்கு மேலே நின்று மீனைக் கண்டு விழுகிற வெள்ளைப் பறவை. நூலகத்தில் ஒரு படப்புத்தகத்தில்தான் அந்தப் பெயரைப் படித்திருந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். நிலக்சனா என்னைக் கட்டிப்பிடித்தாள். அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போது கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

திங்கள் நாலு மணிக்குத் துறையடியில் முதல் வருகைக் கணக்கு. நான் வோக்கியில் கூப்பிட, ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். ஆலா ஒன்று, ஆலா இரண்டு என்று போய் ஆலா ஏழு முடிந்தது. வோக்கியைக் கீழே வைக்கப்போனேன். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல் ஆறுதலாக வந்தது.

"ஓம், நிக்கிறன்."

"ஆரது பகிடி விடுறது?" என்றார் ஜெகதீஸ் அண்ணை. ஏழு பேரும் கண்ணுக்கெதிரே நின்றோம். நிலக்சனாவின் வாய் நிறைய வடை.

"அது காத்துச் சத்தம்," என்று அவரே முடிவு சொன்னார்.

"காத்து 'ஓம்' எண்டு சொல்லுமோ அண்ணை?" என்றான் றஜீபன்.

"உப்புக் காத்து சொல்லும். நீர் உம்மட வேலையைப் பாரும்."

செவ்வாய்க்கிழமை, யாரும் களவாகப் பேசாதபடி, அவர் எங்கள் ஏழு பேரையும் வோக்கியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னார். துறையில் நின்றவர்கள் நாங்கள் யாரிடமோ சரணடைகிறோம் என்று நினைத்திருப்பார்கள். நான் மட்டும் கையை இறக்கி இறக்கிக் கூப்பிட்டேன். ஏழு முடிந்ததும் மறுபடியும் "ஓம், நிக்கிறன்." வருகைப் பதிவில் என்னை அறியாமல் எட்டு என்று எழுதிவிட்டேன். "வெட்டும்," என்றார் ஜெகதீஸ் அண்ணை. வெட்டினேன். வெட்டினது ஒரு ஆளைத் தள்ளிவிட்டது போல இருந்தது.

புதன்கிழமை வானம் துடைத்த கண்ணாடி போல. ட்ரோன் சங்கக் கூரைக்கு மேலே நின்றது. ஏழு முடிந்தது. இந்த முறை இரைச்சலே இல்லை, பக்கத்தில் நின்று கதைப்பது போலத் தெளிவாக இருந்தது.

"இறக்கு. காத்துத் திரும்புது."

றஜீபன் ஒருவரையும் கேட்காமல் இறக்கினான். அவன் ட்ரோனைக் கையில் எடுத்து ஒரு நிமிடம் ஆகியிருக்காது, எங்கிருந்தோ காற்று வந்தது. சங்கக் கூரையின் தகரம் ஒன்று கழன்று, ட்ரோன் நின்ற அதே உயரத்தால் சுழன்றுபோய்க் கடலில் விழுந்தது. பிறகு பழையபடி அமைதி. அந்தோனியம்மா மாமி கொண்டுவந்த தேத்தண்ணியை ஒருவரும் தொடவில்லை.

"என்ன பேய் கண்ட மாதிரி நிக்கிறியள்? என்ன பெயர்தான் வைச்சனீங்கள் கடைசியா?"

சொன்னேன். மாமி தட்டத்தைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, அது உம்மட வீட்டுப் பெயரெல்லோ. அன்ரன் ஆலா. ஒருத்தரும் உமக்குச் சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை சித்தப்பா. சின்ன வயதில், கடலில் மீன் மறிக்கிற களங்கட்டிக் கம்பில் இருந்த வெள்ளைப் பறவைகளைக் காட்டி, இது என்ன என்று அப்பாவைக் கேட்டிருக்கிறேன். "குருவி," என்றார். நீளச் சொண்டோ, பிளந்த வாலோ, அப்பாவுக்குக் கடலில் பறப்பது எல்லாம் பத்தொன்பது வருடமாகக் குருவிதான். ஊரிலே மீன் பிடித்துச் சீவிக்கிற மனிதருக்குப் பறவை தெரியாதா என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. படித்தவள் என்று பெயர்.

இனி என் பயத்தைச் சொல்கிறேன். உங்களுக்கு இன்னும் ஆத்துமப் பூசை வைக்கவில்லை. நாலு பாதிரியார்கள் மாறிவிட்டார்கள், நாலு பேரும் கேட்டுவிட்டார்கள். "அவன் வரட்டும், அவனைக் கேட்டுச் செய்வம்," என்பதுதான் அப்பாவின் பதில். அந்தப் பெயரை எடுத்து ஏழு பேருக்குப் பங்கு போட்டுவிட்டேன் என்று அறிந்தால், அவருக்கு அது உங்களை நானே புதைத்தது போல இருக்கும். அவருக்கு இன்னும் தெரியாது. பெயரை மாற்றுவோம் என்றால், மாற்றினால் இன்னும் கோபம் வரும் என்று றஜீபன் ட்ரோனைத் தொடமாட்டேன் என்கிறான். வாடைக் காற்று தொடங்கப்போகிறது. ஒவ்வொரு வருடமும் வாடைக்கு ஒரு படகாவது இழுபடும். அந்த நேரம் எங்கள் ட்ரோன் பெட்டிக்குள் கிடந்தால் பலகையில் பதினைந்தாவது பெயர் ஏறும்.

பரிகாரம் இருக்கிறது என்றார் மாமி. போனவர் போன இடத்துக்குப் படகில் போய், மூன்று முறை உரத்துக் கேட்கவேண்டுமாம். எனக்கு உரத்துப் பேச வராது. நேர்முகத் தேர்வில் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வரச் சொன்னார்கள். எழுதிக் கேட்கலாமா என்றேன். "எழுதும். வாசிப்பான். ஆனால் பெரிய தமிழ் எழுதாதையும், அவன் எட்டாம் வகுப்பு," என்றார். ஆகவே சின்னத் தமிழில் கேட்கிறேன். அந்தப் பெயரைத் தாருங்கள். தேடுவதற்குத்தான் கேட்கிறோம். தர விருப்பமில்லை என்றால் ஒரு அடையாளம் காட்டவும், தயவுசெய்து தகரம் வேண்டாம்.

மூத்தவர் என்ற முறையில் என்னை ஆசீர்வதிக்கவும். ஒரே வயது என்று நினைத்தால் வாழ்த்தினால் போதும். அங்கே உங்களோடு கதிர்காமு, தியாகலிங்கம், இரண்டு நுளம்புகள் யாரும் இருந்தால் என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகள்
யூலியானா
(செயலாளர்)

பிற்குறிப்பு: இதைப் போட்டு மூடிக் கடலில் விடக் குசினியில் ஒரு போத்தல் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பினால் மேசையில் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம் வாசிக்கிறார். அவர் சிரித்தார் சித்தப்பா. சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

"அவன்ர மட்டுமில்லை பிள்ளை. எனக்கும் அதுதான் பெயர். ஒரு வள்ளம், ரெண்டு பேர், ஒரு பெயர். ஆர் கூப்பிட்டாலும் ரெண்டு பேரும்தான் 'ஓம்' எண்டிறது."

சங்க அலுமாரித் திறப்பு அப்பாவிடம் இருந்தது. திங்களும் செவ்வாயும் எட்டாவது வோக்கியை எடுத்துக்கொண்டுதான் வலை விடப் போயிருக்கிறார்.

"நாலு மணிக்கு ஆலா, ஆலா எண்டு கூப்பிடுறியள். பத்தொன்பது வரியத்துக்குப் பிறகு ஆரோ கூப்பிடீனம். நான் என்ன செய்ய? வாய் தானாச் சொல்லிப்போட்டுது."

மேலே எழுதின பயம் எல்லாம் போய்விட்டது. கடிதத்தைக் கிழிக்கக் கை வைத்தேன். "அப்ப புதன்கிழமை காத்துத் திரும்புது எண்டதும் நீங்கள்தானே?" என்று கேட்டேன்.

"புதனோ? புதன் நான் கண் காட்ட யாழ்ப்பாணம் போனனானெல்லோ. செவ்வாய் பின்னேரமே வோக்கியை வைச்சுப் பூட்டி, திறப்பை உம்மட்டைத் தந்தனான்."

தந்தார், செயலாளரிடம் இருக்கட்டும் என்று. திறப்பு அன்றிலிருந்து என் கைப்பைக்குள்தான் இருக்கிறது. இப்போதும் இருக்கிறது.

அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "குரல் எப்பிடி?"

"உங்கட மாதிரித்தான் அப்பா. ஆனால் பெடியன்ர குரல்."

அவர் இந்தக் கடிதத்தை வாங்கி நாலாக மடித்து என் கையில் தந்தார். "பெயரை வைச்சிருங்கோ," என்றார். "ஆனால் ஏழோட நிப்பாட்டாதையும்."

இன்று நாலு மணிக்கு எட்டு வரை கூப்பிடுவேன் சித்தப்பா. உரத்தே கூப்பிடுவேன்.