சிங்கத்தின் கடிகாரத்தில் ஆடாத கல்

மரங்களைவிடக் கடைகள் வேகமாக வளர்ந்த ஒரு காட்டில், நரி ஒன்று வைர நகைக்கடை வைத்திருந்தது. கடையின் பின்கட்டில் உட்கார்ந்து ஓர் அணில் கல் பதித்தது. தங்கத்தில் குழி எடுத்து, வைரத்தை அதில் உட்காரவைத்து, விளிம்பை மேலே மடக்கி அழுத்தும். அழுத்தம் கூடினால் கல்லின் ஓரம் தெறிக்கும். குறைந்தால் கல் ஆடும். அணில் பதித்த கல் எதுவும் ஆடியதில்லை.

சிறுத்தை வைரக் கடிகாரம் கட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்த சிங்கம், தனக்கும் ஒன்று வேண்டும் என்றது. சிங்கத்துக்காக எல்லாரும் காத்திருப்பார்கள் என்பதால் அது அதுவரை கடிகாரமே கட்டியதில்லை.

முள் தெரிய மட்டும் இடம் விட்டு, முகப்பு முழுக்க வைரம் பதித்துக் கொடுத்தது அணில். நகையைக் காதருகே வைத்துக் கேட்டால் கல் ஆடுகிறதா என்று தெரிந்துவிடும் என்று சிங்கம் எங்கோ கேள்விப்பட்டிருந்தது. அப்படியே வைத்துக் கேட்டது.

“டிக் டிக்னு ஆடுது. எந்தப் பயல் பதிச்சான்? கூப்பிடு. கல் ஆடினா அவன்தான் எனக்கு மத்தியானச் சாப்பாடு.”

அணில் வந்து நின்றது. “கல் ஆடலை, ராஜா. அது கடிகாரம் ஓடுற சத்தம்.”

“ஓடவா சொன்னேன்? பதிக்கத்தானே சொன்னேன்.”

“ஓடினாத்தான் மணி தெரியும், ராஜா.”

“இத்தனை வருஷம் மணி தெரிஞ்சா ஆண்டேன்?”

நரி கடிகாரத்தை வாங்கிக்கொண்டு, சிங்கத்தின் கையில் ஓர் இளநீரைக் கொடுத்துவிட்டு, அணிலைப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனது.

“உயிர் மேல ஆசை இருக்கா இல்லையா உனக்கு? சத்தத்தை நிறுத்து.”

“உள்ளே இருக்கிற இயந்திரத்தைக் கழட்டினாத்தான் நிக்கும், முதலாளி. அப்புறம் அது கடிகாரமே இல்லை.”

“கடிகாரம் வேணும்னு யாருடா கேட்டா? கழட்டு.”

அணில் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தது. சிங்கம் மறுபடியும் காதில் வைத்துப் பார்த்தது. சத்தமில்லை.

“இப்பத்தான் இறுக்கமா இருக்கு.”

“உங்க காதுக்குத் தப்புமா, ராஜா” என்றது நரி.

“அப்ப முன்னாடி கல் ஆடினது நிஜம்தானே?”

நரி அணிலைப் பார்த்தது. பிறகு, இன்னும் பணம் கட்டாத பில்லைப் பார்த்தது.

“நிஜம்தான், ராஜா.”

சொன்ன சொல் தவறாத சிங்கம் அணிலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

அன்று சாயங்காலமே சிறுத்தை தன் கடிகாரத்தோடு வந்தது. “ராஜாவோடது மாதிரியே இதையும் இறுக்கிக் குடு. என்னோடதும் ஆடுது.”

பின்கட்டில் ஆள் இல்லை.

நீதி: வைரக் கடை நடத்துகிறவர்கள் இரண்டு அணில்களாவது வைத்துக்கொள்வது நல்லது.