நான்கு நாடுகளுக்கு மார்க் போட்ட கதை

நடந்தது இவ்வளவுதான்:

1. ஆயுத பூஜைக்கு நாடகம் போட, எங்கள் தொழிற்சாலைப் பெண்கள் விடுதியில் எட்டுப் பேர் ஆசைப்பட்டார்கள்.
2. கம்பெனியிடம் உதவி கேட்க என்னை அனுப்பினார்கள்.
3. நான் பேசினேன்.
4. பண்ணையார் சாகவில்லை.
5. பண்ணையாராக நடித்த பேச்சிக்குக் கணுக்கால் பிசகியது.

மூன்றாவதைச் செய்யாமல் இருந்திருந்தால் அடுத்த இரண்டும் நடந்திருக்காது.

அப்போது ஒரகடத்தில் எனக்குத் தர ஆய்வு வேலை. உதிரி பாகம் தரும் சப்ளையர்களுக்குத் தரம், விலை, டெலிவரி என்று மூன்று கட்டம் கட்டி மார்க் போட வேண்டும். நாளடைவில் எதைப் பார்த்தாலும் மார்க் போடும் வியாதி வந்துவிட்டது. (பெண் பார்க்க வந்தவருக்கும் போட்டேன். தேறவில்லை.)

நாடகத்தை எழுதியவள் மாரி. கோவில்பட்டிப் பக்கம், லைனில் ஒயர் இணைப்பவள். வேலைக்காரி வேஷமும் அவளுக்கே. கடைசிக் காட்சியில் வேலைக்காரி பண்ணையாரை அரிவாளால் வெட்டுவாள்.

"எங்க ஊருல அந்தாளுக்கு ஒண்ணுமே ஆகலக்கா. நல்லா தின்னுட்டுத் திரியுதாரு. நாடகத்துலயாவது சாவட்டும்."

கம்பெனியிடம் கேட்க அரைப் பக்கக் கடிதம் போதும். நானோ மறைமலை நகர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கலைக்கு எந்த நாட்டில் யார் பணம் தருகிறார்கள் என்று ஒப்பிட்டேன். பிரான்ஸில் பெரும்பாலும் அரசாங்கம். ஜெர்மனியில் நகராட்சிகளே நாடக அரங்குகளை நடத்துகின்றன. இங்கிலாந்தில் அரசுப் பணம்தான், ஆனால் அமைச்சர் கையால் அல்ல. நடுவில் ஒரு கவுன்சில். அமெரிக்காவில் பணக்காரர்கள் கொடுத்து, வரிச் சலுகை வாங்கி, சுவரில் பெயரும் போட்டுக்கொள்கிறார்கள்.

அறிவுள்ளவள் இதோடு நிறுத்தியிருப்பாள். நான் மார்க் போட்டேன். அரசாங்கக் கோப்பு நகர நாளாகும் என்று மூன்று நாடுகளுக்கு டெலிவரியில் வெட்டு. கொடுத்தவர் நாடகத்தில் கை வைப்பாரா என்பதற்குக் கட்டமே போடவில்லை. போல்ட்டுக்கு அந்தக் கேள்வி எழுவதில்லையே!

நான் நீட்டிய மார்க் அட்டவணையில் பர்சனல் மேனேஜர் கடைசி வரியை மட்டும் படித்தார்.

"எதும்மா ஃபர்ஸ்ட்?"

"அமெரிக்கா சார்."

"அப்போ அதே முறை. நாங்க தரோம். நாங்க சொல்றதப் போடுங்க."

சொன்னார்கள். மேடையில் எல்லோரும் ஹெல்மெட், பாதுகாப்பு ஷூ அணிய வேண்டும். அரசவைக் கட்டியங்காரனைப் போல ஒருத்தி நடுநடுவே வந்து கம்பெனி பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு பாதுகாப்பு அதிகாரி வந்தார்.

"இன்னாம்மா இது, வெட்டுறீங்க? வாசல்ல விபத்தில்லா நாள் இத்தினின்னு போர்டு வெச்சிகினு, உள்ள ஆளைச் சாவடிப்பீங்களா? அவர் திருந்திடட்டும்."

"நாடகத்துலதான சார் சாவுதாரு!" என்றாள் மாரி.

"எதுல செத்தாலும் சாவு சாவுதாம்மா."

மாரி என்னைப் பார்த்தாள். நான் என் அட்டவணையைப் பார்த்தேன். (வாழ்நாளில் நான் செய்த கோழைத்தனங்களுக்கும் ஒரு பட்டியல் உண்டு. இது முதலிடம்.)

சரக்கு ஏற்றும் மரப் பேலட்டுகளை அடுக்கிய மேடை. மஞ்சள் ஹெல்மெட்டும் ஒட்டு மீசையுமாகப் பேச்சி, "நான் திருந்திவிட்டேன்" என்றாள். ஷிப்ட் முடிந்து வந்திருந்த கூட்டம் கொதித்தது.

"வெட்டுடி மாரி! இன்னா பாத்துகினு நிக்கிற?"

மாரி ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தாள். முந்தானைக்குள்ளிருந்து அட்டை அரிவாள் வந்தது. இது பேச்சிக்கே தெரியாது. "ஏய், திருந்திட்டேன்டி!" என்று பின்னால் போனாள். கால் அளவைவிடப் பெரிய பாதுகாப்பு ஷூ. மூன்றாவது அடியில் மேடை முடிந்தது.

பாதுகாப்பு அதிகாரி ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார். அதுவும் நாடகம் என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது. மறுநாள் காலை வாசல் பலகையில் சைபர்.

கம்பெனியில் அதன் பிறகு நாடகம் கிடையாது. மாரி குழு விடுதி மொட்டை மாடியில் போடுகிறது. புடவை அவரவர் பெட்டியிலிருந்து. பார்க்க வருகிறவர்கள் பாய் கொண்டுவர வேண்டும். பண்ணையார் தவறாமல் சாகிறார். என்னையும் அனுமதிக்கிறார்கள், பேனா கொண்டுவரக் கூடாது என்ற நிபந்தனையோடு.