டமாரம் அண்ணாச்சியின் ஒற்றைக்கண் ஜெபம்

பம்பாய் மாநகரத்தில் வாழ்நாள் முழுக்க ஒருவரைக்கூட எதிர்த்துப் பேசாத மனிதர் ஒருவர் இருந்தார் என்றால், அது எங்கள் டமாரம் அண்ணாச்சிதான். மகா பொறுமைசாலி போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்தவர் பேசுவது காதில் விழுந்தால்தானே எதிர்த்துப் பேசுவதற்கு!

அறுபதுகளில் நான் கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். குடியிருப்பு, மாட்டுங்கா லேபர் கேம்பில் அண்ணாச்சி வீட்டுப் பரண். ஏணி வைத்து ஏறவேண்டும், நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஆனால் கீழே மதினி, அதாவது அண்ணாச்சியின் சம்சாரம், வைக்கும் மீன் குழம்பின் வாசனை நேராக மேலே வரும் என்பதால் நான் வேறு இடமே தேடவில்லை. அவர்கள் வேதக்காரக் கிறிஸ்தவர்கள், நான் சுடலைமாடன் கோயில் பூசாரியின் பேரன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சபைக்குப் போய் வந்தபின் சாப்பாடு எனக்கும் சேர்த்துத்தான்.

அண்ணாச்சிக்கு தாராவியில் டப்பாப் பட்டறையில் வேலை. பழைய எண்ணெய் டின்களை வெட்டி, தட்டி நிமிர்த்தி, ஈயம் வைத்துப் புது டப்பாவாக்குவார்கள். காலை முதல் சாயங்காலம் வரை ஒரே டமால் டமால். அங்கே வாயால் பேசிப் பிரயோசனமில்லை, எல்லாம் கைதான். கட்டைவிரலை மோவாயில் வைத்தால், டீ குடிக்கப் போவோமா. உள்ளங்கையைத் தலைக்கு மேல் குடைபோலப் பிடித்தால், முதலாளி இருக்கிறார், வேலையைப் பார். மூக்கு நுனியைத் தொட்டால் ஆமாம், காது மடலை இழுத்தால் இல்லை. பம்பாயில் தகரம் அடிக்கிற பட்டறைகள் எல்லாவற்றிலும் இதே பாஷைதான் என்று அண்ணாச்சி பெருமையாகச் சொல்வார்.

தனக்குக் காது கேட்கவில்லை என்பதை மட்டும் அவர் ஒப்புக்கொண்டதே கிடையாது.

"எனக்குக் காதெல்லாம் ஏக்தம் கரெக்டா இருக்கு தம்பி. சனங்களுக்குத்தான் குரல்ல சத்து இல்ல. ரேஷன் கோதுமையத் தின்னா சத்தம் எப்படி வரும்?" என்பார். கேம்பே அதிரும். அவருடைய குரல் அவருக்கே கேட்கவேண்டுமே, அந்த அளவுக்குப் பேசுவார்.

ஆனாலும் உள்ளூர ஒரு சந்தேகம் இருந்திருக்கவேண்டும். சிவப்புத் தலைப்பாகையில் ஊசி செருகிக்கொண்டு காது குடைந்துவிட வருவார்களே, அவர்களில் ஒருவனிடம் ஒருநாள் உட்கார்ந்துவிட்டார். அவன் குடை குடையென்று குடைந்து, கடைசியில் ஒரு சின்னக் கல்லை எடுத்துக் காட்டினான். அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. தீப்பெட்டியில் போட்டு வீடு வீடாகக் காட்டினார். அடுத்த வாரம் இன்னொரு கல். அதற்கடுத்த வாரம் இரண்டு.

"இந்த மனுசன் காதுக்குள்ள என்ன குவாரியா இருக்கு? அவன் கைக்குள்ள ஒளிச்சு வச்சு எடுக்கான், இவிய தீப்பெட்டில பத்திரமா வைக்காவ!" என்று மதினி தலையில் அடித்துக்கொண்டாள். கல் போனது போக, காதில் புண்தான் மிச்சம். அதற்குப் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய். அதற்கும் கேட்காமல் பக்கத்து வீட்டுச் சாவியால் ஒரு குடைச்சல். ஒரு மாசம் அண்ணாச்சி தலையைச் சாய்த்தபடியே நடமாடினார்.

சபையில் அவருக்கு ஒரு தந்திரம் இருந்தது. கடைசி வரிசையில் இடம் பிடிப்பார். முன்னால் இருப்பவர்கள் எழுந்தால் எழுவார், உட்கார்ந்தால் உட்காருவார். ஜெபத்தில்தான் சிக்கல். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள், ஆமென் எப்போது வரும் என்று எப்படித் தெரியும்? எனவே ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைக் கீற்றாகத் திறந்து வைத்திருப்பார். மற்றவர்கள் கண்ணைத் திறந்ததும் இவரும் கண்ணைத் திறந்து, கோயில் குலுங்க "ஆமென்!" என்பார். பட்டறைக்காரர் பக்தியைப் பாருங்கள் என்று சபைப் போதகரான ஐயர் பிரசங்கத்திலேயே ஒருமுறை மெச்சிக்கொண்டார்.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது, எஸ்தருக்கு மாப்பிள்ளை பார்க்கும்வரை. எஸ்தர் அவர்களுடைய ஒரே மகள், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காது என்றால் அது காது. பரணில் நான் வாரப் பத்திரிகையைப் புரட்டுவது கீழே அவளுக்குக் கேட்கும். "அப்பன் காதையும் சேர்த்து ஆண்டவர் இவளுக்கே குடுத்துட்டார்" என்பாள் மதினி.

முதலில் டோம்பிவிலியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் பேச்சுவாக்கில், போன மாசம் தன்னுடைய தம்பி தவறிப்போனதைத் தழுதழுத்த குரலில் சொன்னார். அண்ணாச்சி முகமெல்லாம் சிரிப்பாக அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரொம்ப சந்தோசம்! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! இப்படியே குடும்பத்துல எல்லாருக்கும் நடக்கட்டும்!" என்றார்.

அவர்கள் காப்பியைக்கூட முடிக்கவில்லை. பிற்பாடு ஆள் மூலம் சொல்லியனுப்பினார்கள். அப்பனுக்குக் காது கேட்கவில்லை, அது பரம்பரையாக வரும், எங்களுக்கு வேண்டாம் என்று. அன்றைக்கு ராத்திரி எஸ்தர் சாப்பிடவில்லை. அண்ணாச்சியிடம் யாரும் காரணத்தைச் சொல்லவில்லை, ஆனால் அவர் கையில் உருட்டிய சோற்றை அப்படியே தட்டில் வைத்துவிட்டு எழுந்துபோனதை நான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அவராகவே சட்டையைப் போட்டுக்கொண்டு என் ஏணியைத் தட்டினார். "தம்பி, காது டாக்டர்ட்ட போவோமா?"

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு மராத்திக்கார டாக்டர் அம்மாள். டாக்டர் இந்தியில் பேச, நான் தமிழில் கத்த, கூட வந்த மதினி கேள்வியாகக் கேட்டாள். டாக்டர் இரண்டு கால் உள்ள ஓர் இரும்புக் கவையை மேஜையில் தட்டி, அண்ணாச்சியின் காதருகே பிடித்து, கேட்கிறதா என்றார். அண்ணாச்சி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்ல மால்! எங்க வாங்குனாவ?" என்றார்.

டாக்டர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அழுக்கு கொஞ்சம் அடைத்திருக்கிறது, அதை எடுத்துவிடலாம். ஆனால் கோளாறு அது இல்லை. வருஷக்கணக்காக இரைச்சலில் இருந்து காதின் உள்பகுதி தேய்ந்துபோய்விட்டது, போனது திரும்பாது. எண்ணெய் விடக்கூடாது, ஊசி, சாவி எதுவும் கிட்டேயே போகக்கூடாது. வீட்டில் உள்ளவர்கள் கத்தவேண்டாம், முகத்துக்கு நேராக நின்று நிதானமாகப் பேசினால் போதும். காது மெஷின் வைத்தால் பேச்சு ஓரளவு பிடிபடும்.

"பிள்ளைகளுக்கு வருமான்னு கேளுங்க தம்பி" என்றாள் மதினி.

வராது என்றார் டாக்டர். இவருக்கு இது இரைச்சலால் வந்தது, ரத்தத்தில் வந்ததில்லை.

மெஷின் என்றதும் அண்ணாச்சி மறுத்துவிட்டார். அந்தக் காலத்து மெஷின் சிகரெட் பெட்டி அளவு இருக்கும். சட்டைப் பையில் வைத்து, காதுவரை ஒயர் இழுத்திருப்பார்கள். "டிரான்சிஸ்டர் மாட்டிக்கிட்டுப் பொண்ணு குடுக்க உக்காரச் சொல்லுதியளா? மொதல்ல எஸ்தருக்கு முடியட்டும்."

அடுத்த வரன் கல்யாணிலிருந்து. பையன் ரயில்வேயில் குமாஸ்தா. சபையின் உபதேசியார் கொண்டுவந்த சம்பந்தம். இந்தத் தடவை மதினி என்னைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, நீங்க மாப்பிள்ளை வீட்டாருக்குப் பின்னால நில்லுங்க. ஆமான்னா மூக்கைத் தொடுங்க, இல்லன்னா காதை இழுங்க. இவிய உங்களப் பாத்துப் பதில் சொல்லட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கல்யாண்காரர்கள் வந்தார்கள். பையன் நல்ல மாதிரி, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவனுடைய தகப்பனார் ஆஜானுபாகு, எதைச் சொன்னாலும் "சரிதான், சரிதான்" என்று மலர்ந்த முகத்தோடு தலையாட்டினார். பேச்செல்லாம் பையனின் அத்தைதான். வக்கீல் தோற்றார், அப்படிக் கேள்வி கேட்டாள். நானும் மூக்கைத் தொட்டும் காதை இழுத்தும் சமாளித்தேன். அண்ணாச்சி பிரமாதமாகப் பதில் சொன்னார்.

அப்போதுதான் அந்த ஈ வந்தது.

"கல்யாணத்துக்குப் பொறவு பொண்ணு டெலிபோன் வேலைய விட்டுருவால்லா?" என்று அத்தை கேட்ட அதே சமயம், ஈ என் மூக்கில் வந்து உட்கார்ந்தது. தட்டிவிட்டேன்.

"ஆமா! அதுல என்ன சந்தேகம்!" என்று முழங்கினார் அண்ணாச்சி.

அறைக்குக் குறுக்கே கட்டியிருந்த சேலை விலகியது. காப்பித் தட்டோடு எஸ்தர் நின்றாள். "நான் வேலைய விடமாட்டேன்" என்றாள் நிதானமாக.

அத்தை எழுந்தேவிட்டாள். "அப்பா ஒண்ணு சொல்லுதாவ, பொண்ணு ஒண்ணு சொல்லுதா! அண்ணே, நீங்க என்ன சொல்லுதிய?"

"சரிதான், சரிதான்" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார், எல்லோரையும் பார்த்து.

எது சரி என்று யாருக்கும் விளங்கவில்லை. மதினி கையைப் பிசைந்தாள். நான் அந்த ஈயைத் தேடி அண்ணாச்சி பக்கம்வரை வந்துவிட்டேன், கிடைத்திருந்தால் கொன்றிருப்பேன். நிலைமை கைமீறுவதைப் பார்த்த உபதேசியார் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். "ஜெபிப்போம்" என்றார்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஜெபம் தெரியாத நான் மட்டும் கண்ணைத் திறந்தபடி நின்றேன். அண்ணாச்சி வழக்கம்போல ஒரு கண்ணைக் கீற்றாகத் திறந்து வைத்திருந்தார். எதிரே பார்த்தேன். மாப்பிள்ளையின் தகப்பனாரும் ஒரு கண்ணைக் கீற்றாகத் திறந்து வைத்திருந்தார்!

இரண்டு ஒற்றைக் கண்களும் சந்தித்துக்கொண்டன. பிறகு அந்தப் பெரியவருடைய வலது கை மெல்ல எழுந்தது. கட்டைவிரல் மோவாயில் போய் நின்றது.

டீ குடிக்கப் போவோமா?

அண்ணாச்சியின் கண் அகலமாகத் திறந்தது. ஜெபித்துக்கொண்டிருந்த உபதேசியாரை ஒரு பார்வை, கூரையை ஒரு பார்வை. உள்ளங்கையைத் தலைக்கு மேல் குடைபோலப் பிடித்தார். முதலாளி இருக்கிறார், பொறும்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆமென் முடிந்ததும் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து, ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், தோளில் கைபோட்டுக்கொண்டு வெளியே நடந்தார்கள். மதினி என்னைப் பிடித்துத் தள்ளினாள். "ஓடுங்க தம்பி, என்னன்னு பாருங்க!"

முனை டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பேச்சே இல்லை, நாலு கைகளும் பறந்துகொண்டிருந்தன. இரண்டு பேர் கண்ணிலும் சிரித்துச் சிரித்துத் தண்ணீர். என்னைக் கண்டதும் பெரியவர் கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்: "தம்பி! நானும் இதே தாராவில டிரம் பட்டறைல கெடந்தவன்தான்! எனக்கும் காது போச்சி! இதுக்குன்னே என் மகனுக்கு ஒரு சம்பந்தம் தட்டிப்போச்சி. அதான் தங்கச்சி, வாயத் திறக்காதிய, தலைய மட்டும் ஆட்டுங்கன்னு சொல்லிக் கூட்டியாந்தா!"

வரும் வழியில் எஸ்தரின் வேலைத் தகராறை இரண்டு பேர் காதிலும் கத்தி விளக்கினேன். திரும்பி வந்ததும் பெரியவர் நடு அறையில் நின்றுகொண்டார். "என் மருமக வேலைய விடப்பிடாது. ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒருத்தருக்காவது காது கேக்கணும்லா!"

அத்தை கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள். "ரெண்டு பக்கமும் இப்படின்னா, பொறக்கப்போற பிள்ளைகளுக்கு?" டாக்டர் சொன்னதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மதினி முந்திக்கொண்டாள். "சுத்தியல் அடிச்சது காதைத்தான், ரத்தத்தை இல்ல." எஸ்தர் சிரித்தாள். பையன் அப்போதுதான் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான்.

கல்யாணத்தன்று சம்பந்திகள் இருவரையும் மரியாதை பண்ணி முதல் வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். முன்னால் பார்த்துக் காப்பியடிக்க ஆளில்லை. இவர் அவரைப் பார்த்து நின்றார், அவர் இவரைப் பார்த்து நின்றார். சம்பந்திகளே நிற்கிறார்களே என்று சபை மொத்தமும் பிரசங்கம் முடியும்வரை நின்றது. ஐயர் அசந்துபோய், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பிரசங்கம் பண்ணினார்.

அதற்குப் பிறகு இருவரும் ஒரே நாளில் போய் மெஷின் மாட்டிக்கொண்டார்கள். அண்ணாச்சி மெஷினோடு பட்டறைக்குள் நுழைந்தவர், அரண்டுபோய் வெளியே ஓடி வந்துவிட்டார். "ஏல, இந்தச் சத்தத்துலயா இருக்கிய இத்தன நாளா?" என்று பையன்களைப் பார்த்துக் கேட்டாராம். அன்றிலிருந்து பஞ்சும் வாஸ்லினுமாகப் பட்டறை வாசலில் நின்றார். காதை அடைக்காமல் ஒருவன் சுத்தியலைத் தொட முடியாது. மீறினால் மண்டையில் ஒரு குட்டு. ஊசிக்காரன் அந்தச் சந்துப் பக்கம் தலைகாட்டுவதையே விட்டுவிட்டான்.

எனக்கு மெட்ராசுக்கு மாற்றல் ஆனபோது ஸ்டேஷனுக்கு வந்தார். ரயில் நகரும்போது சட்டைப் பையிலிருந்த மெஷினைத் திருகிச் சத்தத்தைக் கூட்டி, "இப்ப சொல்லுங்க தம்பி, கேக்கு" என்றார். அவ்வளவு நாள் கத்தியவனுக்கு, கேட்கிற நேரத்தில் பேச்சு வரவில்லை. கட்டைவிரலை மோவாயில் வைத்துக் காட்டினேன். அவர் மூக்கைத் தொட்டுக்கொண்டே நின்றார், ரயில் மறையும்வரை.

இன்றைக்கும் கோயிலானாலும் சரி, இரங்கல் கூட்டமானாலும் சரி, எல்லோரும் கண்ணை மூடும்போது நான் ஒரு கண்ணைக் கீற்றாகத் திறந்தே வைத்திருப்பேன். கூட்டத்தில் எங்கேயாவது அண்ணாச்சி நின்று, டீக்குக் கூப்பிட்டு, நான் பார்க்காமல் போய்விடக்கூடாது பாருங்கள்.