முப்பத்திரண்டில் முப்பத்திரண்டு போனால்

சிறுவாச்சூர்,
புதன்கிழமை

அன்புள்ள மச்சான் ஜெயப்பிரகாஷுக்கு, மாமா வீரமுத்து எழுதுவது. வரதராஜன்பேட்டையில் நீயும் கவிதாவும் பிள்ளைகளும் சுகமாய் இருக்க வேண்டும். இங்கே உன் அக்கா சிந்தாமணி நலம். நான் நலமில்லை. போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால் ஜெயங்கொண்டம் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மாப்பிள்ளை தமிழரசனும் பிரவீணாவும் பயிற்சிக்கு சேலம் போகும்போது பட்டுப்புழு ஷெட்டை என்னிடம் ஒப்படைத்தார்கள். "கணக்கு வாத்தியார் இருக்கீங்க, எங்களுக்கென்ன பயம்"னு மாப்பிள்ளை சொல்ல, நானும் மீசையைத் தடவிக்கொண்டேன். ஈரப்பதம் பார்க்க ஷெட்டில் இரண்டு தெர்மாமீட்டர். ஒன்று சும்மா தொங்கும், இன்னொன்றின் அடியில் ஈரத்துணி சுற்றியிருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து அட்டவணையில் பார்க்க வேண்டும். வித்தியாசம் குறையக் குறைய ஈரம் அதிகம். இன்று காலை இதுவும் முப்பத்திரண்டு, அதுவும் முப்பத்திரண்டு. வித்தியாசம் பூஜ்ஜியம், ஈரப்பதம் நூறு! அவ்வளவு ஈரத்தில் புழுவுக்குப் பூஞ்சை பிடித்துவிடுமாம். திரும்பக் கழித்தேன், சரிதான். வெளியே வற்றல் மொறுமொறுன்னு காயுது, உள்ளே நூறா என்று சந்தேகம் வந்தது, ஆனால் கழித்தல் பொய் சொல்லுமா? ஜன்னலெல்லாம் திறந்து, ஃபேனைப் போட்டு, சுண்ணாம்புத் தூளை அள்ளித் தூவினேன். மதியம் போய்ப் பார்த்தால் ஒரு புழுகூட தழையைத் தொடல, எல்லாம் தலையைத் தூக்கிக்கிட்டு என்னையே பாக்குது. காளியம்மனிடம் ஓடலாமென்றால் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அப்போதான் கொடியில் ஒரு சின்னத் துணி காயுறதைப் பார்த்தேன். "அழுக்கா இருந்துச்சு, தொவைச்சுப் போட்டேன்"ங்கிறா உன் அக்கா. தெர்மாமீட்டர் துணி மச்சான்! துணி இல்லேன்னா ரெண்டும் ஒண்ணைத்தானே காட்டும்? காய்ஞ்சு கிடந்த புழுவை நான் இன்னும் காய வச்சுக் கொன்னுட்டேன். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வர்றாரு, அவர் முகத்துல எப்படி முழிப்பேன்? நாளைக்கு முதல் பஸ்ஸில் அங்கே வரேன். மாடி ரூமை ஒழிச்சு வை. யார் கேட்டாலும் நான் வரலைன்னு சொல்லு.

கவிதாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். அம்மன் உங்களையாவது காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
வீரமுத்து

பி.கு.: மாடி ரூம் வேண்டாம். இப்போதுதான் பிரவீணா போன் செய்தாள். "அப்பா, இன்னிக்குப் புழு தோலுரிக்கும். சாப்புடாது, தலையைத் தூக்கிக்கிட்டு நிக்கும், பயந்துடாதீங்க. ஜன்னலைத் தெறந்துட்டு சுண்ணாம்பு தூவணும்" என்றாள். "அதெல்லாம் காலைலயே ஆச்சும்மா" என்றேன், குரல் நடுங்காமல். மாப்பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். "மாமா இருக்குற தைரியத்துல இன்னும் பத்து நாள் இருந்து படிச்சுட்டே வந்துடுறோம்"னு சொல்லிட்டாரு.

மச்சான், அந்த ரூமை ஒழிச்சே வை.