ஈயப் படை

ஒரு மகத்தான முடிவெடுத்தேன். கோமளவல்லியின் ஈயச் சொம்பை உருக்கிவிடுவது.

கோமளவல்லி என் தர்மபத்தினி. சொம்பு அவள் பிறந்தகத்துச் சீதனம். அதில் சாத்தமுது (உங்கள் பாஷையில் ரசம்) கொதித்தால் தெருவே மூக்கை நீட்டும். அடியேன் ஸம்பத்குமார், திருவள்ளூர் கோர்ட்டில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சேனாதிபதி.

சிரிக்காதீர்கள். எதிர்வீட்டு ரயில்வே கிளார்க் துளசிராமனும் நானும் மேஜையில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்திப் போர் புரிகிறவர்கள். தாயக்கட்டையில் தாயம் விழுந்தால் பீரங்கி வெடிக்கும். போன மாதம் அவன் முழங்கை பட்டு மேஜை ஆடியது. என் களிமண் படை தரையில் விழுந்து பொடிப்பொடியாகிவிட்டது.

"பேசாம பிளாஸ்டிக்குல வாங்கிக்க சார். மூர் மார்க்கெட்ல டஜன் டஜனா கீது" என்றான்.

"ஃபேன் போட்டா பறக்குமேய்யா! பெயிண்டும் உரிஞ்சுடும். ஈயம்னா அசையாது. கம்பீரம்னா ஈயம்தான்!"

"அப்ப ஈயத்துலயே கொண்டா. இன்னும் ஒரு மாசம் டைம். அன்னிக்குப் படை இல்லன்னா நான்தான் ஜெயிச்சேன்னு தெரு பூரா சொல்லிக்கினு போவேன்."

மானப் பிரச்னை. ஈயத்துக்கு எங்கே போவது? அப்போதுதான் சொம்பு ஞாபகம் வந்தது. ஈயச் சொம்பைக் காலியாக அடுப்பில் வைத்தால் உருகிப்போகும். மறதியால் இப்படிச் சொம்பைப் பறிகொடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர். கோமளவல்லி ஐந்தாவதாக இருந்துவிட்டுப் போகட்டுமே!

அமாவாசையன்று அவள் வீரராகவப் பெருமாளைச் சேவிக்கப் போனாள். நான் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். இரும்புச் சட்டியில் சொம்பு பத்தே நிமிஷத்தில் பாயசமாயிற்று. பிளாஸ்டர் அச்சுகளில் ஊற்றினேன். நாற்பது சிப்பாய்கள்! சாட்சிக்கு ஸ்டவ்வில் ஒரே ஒரு சொட்டை விட்டுவிட்டு மற்றதைப் பளபளவென்று துடைத்து வைத்தேன்.

"ஏன்னா, என் சொம்பு எங்கே?"

"காலியா அடுப்புல வச்சுட்டுக் கோவிலுக்குப் போனா? உருகிடுத்து. நான்தான் ஓடிவந்து அணைச்சு, எல்லாத்தையும் வழிச்சு எறிஞ்சேன்."

"நானா வச்சேன்?"

"பின்னே, பெருமாளா வச்சார்?"

அவள் ஸ்டவ்வைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி ஸ்டவ்வைப் பார்த்தாள்.

"என் மறதிக்கு ஒரு அளவே இல்லை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சு ஒரு நிமிஷம் வலிக்கத்தான் செய்தது.

படையைச் செருப்புப் பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஒளித்துவைத்தேன். தினம் நாலைந்து சிப்பாய்களாகக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் டிபன் நேரத்தில் பெயிண்ட் அடித்தேன். சிவப்புச் சட்டை, கறுப்பு பூட்ஸ். ஜெனரலின் நெற்றியில் பிரஷ் வழுக்கித் திருமண் மாதிரி ஒரு கோடு விழுந்தது. அழிக்க மனசு வரவில்லை. படையைச் செருப்புப் பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஒளித்துவைத்தேன். வீட்டிலோ எவர்சில்வர் பாத்திரத்தில் சாத்தமுது. வெந்நீரில் புளியைக் காட்டிவிட்டு எடுத்த மாதிரி இருந்தது. நாட்டுக்காகச் சகித்துக்கொண்டேன்.

போர் நாள் வந்தது. பெட்டியைத் திறந்தேன். காலி. அதே நேரம் சமையலறையிலிருந்து ஒரு வாசனை. வாரக்கணக்கில் மறந்திருந்த அதே வாசனை!

"கோமளா! என் பெட்டி..."

"பெட்டி இருக்கே. சிப்பாய்கள்தான் இல்லை. பாத்திரக்காரர்ட்ட குடுத்து உருக்கிச் சொம்பா அடிச்சு வாங்கிண்டுட்டேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்துல நீங்க ஸ்டவ்வைத் துடைச்சது அன்னிக்கு ஒருநாள்தானே! அப்பவே பரண்மேல ஏறிப் பார்த்துட்டேன். பெயிண்ட் அடிச்சு முடிக்கட்டும், பாவம்னு விட்டேன்."

"ஜெனரலையுமா உருக்கிட்டே?"

"திருமண் இட்டுண்டிருந்தாரே, அவரா? சேவிச்சுட்டுக் கடைசியாப் போடச் சொன்னேன்."

வாசலில் துளசிராமன், கையில் பிளாஸ்டிக் படையோடு. "இன்னா சார், உன் படை ரெடியா?"

"ரெடி. உள்ளே வாங்கோ" என்று கோமளவல்லி எனக்கு முந்திக்கொண்டு, மேஜைமேல் இலையைப் போட்டாள்.

துளசிராமன் சாத்தமுதை மூன்று முறை கேட்டு வாங்கி, கடைசியில் கையில் ஊற்றச் சொல்லிக் குடித்தான். பெரிதாக ஓர் ஏப்பம் விட்டுவிட்டு என் முதுகில் தட்டினான்.

"நீ சொன்னதுதான் கரீட்டு சார். பிளாஸ்டிக்கு கிட்டகூட வராது. ஈயம்னா ஈயம்தான்!"